கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளியில் அறிவியல்: மூன்று ஆண்டுகள் போதுமா?

நெய்தல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். எட்டாம் வகுப்பை முடிக்கும் தறுவாயில் இருக்கும் என் மகளுக்கு, மறைமாவட்டம் நடத்தும் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்பில் இடம் கிடைத்திருக்கிறது. நாங்கள் கத்தோலிக்கர்கள் அல்லர். பள்ளியின் ஒழுங்கும், வகுப்பில் மாணவர் எண்ணிக்கை குறைவாக இருப்பதும், ஆசிரியர்கள் பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைத்துப் பேசுவதும் எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தன. அறிவியல் பாடங்களைப் பற்றித்தான் மனம் தெளியவில்லை.

பாடத்திட்டக் கையேட்டின்படி, பள்ளிப் படிப்பை முடித்துப் பட்டம் பெறுவதற்கு ஆய்வகத்துடன் கூடிய அறிவியல் மூன்று ஆண்டுகள் படித்தால் போதும்: ஒன்பதாம் வகுப்பில் உயிரியல், பத்தாம் வகுப்பில் வேதியியல், அதன்பின் இயற்பியல் அல்லது சுற்றுச்சூழல் அறிவியல். இறையியலோ நான்கு ஆண்டுகளும் கட்டாயம். எந்தச் சமயத்தவருக்கும் விலக்கு இல்லை. பொறியியலா மருத்துவமா என்று என் மகள் இன்னும் முடிவு செய்யவில்லை. இரண்டு வழிகளும் அவளுக்குத் திறந்திருக்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். இறையியலுக்கு நான்கு ஆண்டுகளும் அறிவியலுக்கு மூன்று ஆண்டுகளும் என்னும் கணக்கு எனக்கு நெருடலாக இருக்கிறது. நாங்கள் ஊரில் படித்த காலத்தில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் ஒரே ஆண்டில் சேர்த்தே படித்தோம். ஆண்டுக்கு ஒன்று என்று படித்தால் முதலில் படித்தது மறந்துவிடாதா என்று என் கணவர் கேட்கிறார்.

இதற்கிடையே, உயிரியலைச் சாதாரண நிலையில் படிப்பதா, சற்றுக் கடினமான ஹானர்ஸ் நிலையில் படிப்பதா என்பதை இம்மாத இறுதிக்குள் படிவத்தில் எழுதித் தர வேண்டும். நுழைவுக்கு எழுதிய எச்.எஸ்.பி.டி. தேர்வில் மொழியும் வாசிப்பும் கணிதமும் இருந்தனவே தவிர அறிவியல் இல்லை. அப்படியிருக்க எதை வைத்து முடிவு செய்வது? பரிணாமத்தையும் பெருவெடிப்பையும் இத்தகைய பள்ளிகளில் முறையாகக் கற்பிக்கிறார்களா என்பதும் எனக்குத் தெரிய வேண்டும். யாரையும் புண்படுத்தும் எண்ணத்தில் இதைக் கேட்கவில்லை.

ஆய்வுக்கூடம் எழுதியது:

வணக்கம். வேறொரு மாநிலத்தில், ஒரு கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளியில் வேதியியல் கற்பிக்கிறேன். உங்கள் கேள்விகளைப் போன்றவற்றை ஒவ்வோர் ஆண்டும் பெற்றோர் கூட்டத்தில் எதிர்கொள்வதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மூன்று ஆண்டுகள் என்பது பட்டம் பெறுவதற்கான குறைந்தபட்ச அளவே. அதற்கு மேல் படிக்கக் கூடாது என்று பொருள் இல்லை. நியூ ஜெர்சி மாநிலம் தன் அரசுப் பள்ளிகளுக்கு விதித்திருப்பதும் அறிவியலில் 15 கிரெடிட்களைத்தான். அங்கே ஓராண்டுப் பாடத்துக்கு 5 கிரெடிட் என்பதால் அதுவும் மூன்று ஆண்டுகளே ஆகிறது. ஆகவே இந்தப் பள்ளி அறிவியலை இளக்காரமாக நடத்துகிறது என்று இந்த எண்ணை வைத்து முடிவு கட்ட வேண்டாம். அதேவேளையில், பொறியியலையோ மருத்துவத்தையோ மனத்தில் வைத்திருக்கும் மாணவி மூன்றாண்டோடு நிறுத்துவது சரியல்ல. போட்டி மிகுந்த கல்லூரிகள் நான்கு ஆண்டு அறிவியலை எதிர்பார்க்கின்றன. அதில் உயிரியல், வேதியியல், இயற்பியல் மூன்றும் இருந்தாக வேண்டும். மூன்றாம் ஆண்டில் இயற்பியலுக்குப் பதிலாகச் சுற்றுச்சூழல் அறிவியலை எடுக்கலாம் என்னும் சலுகையை உங்கள் மகள் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது. அது தரம் குறைந்த பாடம் என்பதால் இதைச் சொல்லவில்லை. இயற்பியலை உயர்நிலைப் பள்ளியில் தொடாமலேயே பொறியியல் கல்லூரியின் முதலாண்டு இயற்பியல் வகுப்பில் போய் உட்காரும் மாணவர்கள் படும் பாட்டைத் தெரிந்தவன் என்பதால் சொல்கிறேன்.

உண்மையான நெருக்கடி கால அட்டவணையில்தான் இருக்கிறது. ஒரு நாளுக்கு ஏழு பாடவேளை என்று வைத்துக்கொள்ளுங்கள். இறையியல், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல், அயல்மொழி என ஆறு இடங்கள் நிரம்பிவிடும். எஞ்சிய ஓர் இடத்துக்கு உடற்கல்வியும், நலக் கல்வியும், கலைப் பாடமும் போட்டியிடும். அரசுப் பள்ளியில் இறையியல் இல்லாததால் அந்த ஓர் இடம் கூடுதலாகக் கிடைக்கிறது. உங்கள் நெருடலுக்குக் காரணம் இதுதான், அது நியாயமானதும்கூட. ஆனால் நான்காம் ஆண்டு அறிவியலுக்கு இதனால் இடையூறு எதுவும் இல்லை, ஏனென்றால் ஆண்டுக்கு ஓர் அறிவியல் என்னும் இடம் அட்டவணையில் நான்கு ஆண்டுகளும் இருக்கிறது. ஒரே ஆண்டில் இரண்டு அறிவியல் பாடங்களை எடுக்க விரும்பும்போதுதான் இடம் போதாமல் போகும். பதினோராம் வகுப்பில் இயற்பியலோடு, கல்லூரித் தரத்தில் அமைந்த ஏ.பி. வேதியியலையும் சேர்த்துப் படிக்க வேண்டுமென்றால், உடற்கல்வியையோ கலைப் பாடத்தையோ முன்கூட்டியே கோடை விடுமுறையில் முடிக்க அனுமதி உண்டா என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

பெற்றோர்கள் பெரும்பாலும் கவனிக்கத் தவறுவது வேறொன்று: உயர்நிலைப் பள்ளியில் அறிவியலின் பாதையைத் தீர்மானிப்பது கணிதம். வேதியியலில் மோல் கணக்கைத் தொட்ட முதல் வாரத்திலேயே, இயற்கணிதம் ஊன்றாத மாணவர்கள் யார் என்று எனக்குத் தெரிந்துவிடும். விகிதத்தைத் திருப்பிப் போடத் தெரியாதவர்களுக்கு வேதியியல் புரிந்தாலும் விடை வராது. ஏ.பி. இயற்பியல் 1 எடுப்பவர் வடிவியலை முடித்து, இரண்டாம் இயற்கணிதத்தை (அல்ஜீப்ரா 2) உடன் படித்துக்கொண்டிருக்க வேண்டும். பொறியியலுக்கு மிகவும் உதவும் ஏ.பி. இயற்பியல் சி-க்கு நுண்கணிதத்தை முன்பே படித்திருக்க வேண்டும், அல்லது உடன் படிக்க வேண்டும். உங்கள் மகள் எட்டாம் வகுப்பிலேயே முதல் இயற்கணிதத்தை முடித்திருந்தால், ஒன்பதில் வடிவியல், பத்தில் இரண்டாம் இயற்கணிதம், பதினொன்றில் நுண்கணிதத்துக்கு முந்தைய பாடம், பன்னிரண்டில் நுண்கணிதம் என்று வரிசை இயல்பாக அமையும். ஒன்பதாம் வகுப்பில்தான் முதல் இயற்கணிதத்தைத் தொடங்குகிறாள் என்றால், இடையில் ஒரு கோடையில் வடிவியலை முடித்தாலொழிய நுண்கணிதத்துக்கு ஆண்டு போதாது. கணித நிலையறியும் தேர்வை வைத்து அவளை எந்த வகுப்பில் போடுகிறார்கள் என்பது, உயிரியல் ஹானர்ஸா இல்லையா என்பதைவிடப் பன்மடங்கு முக்கியமானது.

உங்கள் கணவரின் கேள்விக்கு வருகிறேன். ஆண்டுக்கு ஒன்று என்பது இந்நாட்டில் வேரூன்றிய முறை. மறதி உண்டு என்பதும் உண்மையே. ஆனால் ஓராண்டு முழுவதும் ஒரே துறையில் நாள்தோறும் அமர்வதால், ஆய்வகத்தில் செலவிடும் நேரம் கூடுகிறது. வரிசையைப் பற்றியும் விவாதம் உண்டு. 1988-இல் நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் லியோன் லெடர்மேன், இயற்பியல் முதலில், வேதியியல் அடுத்து, உயிரியல் கடைசியில் என்று மாற்ற வேண்டுமென நெடுங்காலம் வாதாடினார். மூலக்கூறுகளைப் புரிந்துகொள்ளாமல் இன்றைய உயிரியலைப் படிக்க முடியாது என்பதே அவருடைய தரப்பு. அப்படி மாற்றிக்கொண்ட பள்ளிகளும் இருக்கின்றன. வேதியியல் ஆசிரியனாக எனக்கு அதில் உடன்பாடு உண்டு என்றாலும், வரிசைக்காக ஒரு பள்ளியைத் தேர்ந்தெடுக்கவோ ஒதுக்கவோ வேண்டாம்.

அதைவிட, ஆய்வகத்தைப் போய்ப் பாருங்கள். வாரத்தில் எத்தனை முறை மாணவர்கள் கைப்படச் சோதனை செய்கிறார்கள், இரட்டைப் பாடவேளை ஒதுக்கப்படுகிறதா என்று கேளுங்கள். நியூயார்க் மாநிலத்தில் ரீஜன்ட்ஸ் என்னும் மாநில அளவிலான அறிவியல் தேர்வு எழுத வேண்டுமென்றால் 1,200 நிமிடங்கள் நேரடி ஆய்வகப் பணியும் அதற்கான அறிக்கைகளும் முடித்திருக்க வேண்டும். 40 நிமிடப் பாடவேளையில் அது 30 வேளை ஆகிறது. உங்கள் மாநிலத்துக்கு அவ்விதி இல்லையென்றாலும், அளந்து பார்க்க நல்ல அளவுகோல் அது. முடிந்தால் ஒரு மாணவரின் ஆய்வேட்டைக் காட்டச் சொல்லுங்கள். என் வகுப்பில் அமில–காரத் தரம்பார்த்தலின்போது, பியூரெட்டின் குழாயைத் திருகித் துளித்துளியாக விட்டுக்கொண்டே வரும் மாணவி, கூம்புக் குடுவையில் ஒரு துளிக்கு எழுந்து சுழற்றியதும் மறைந்துவிடும் இளஞ்சிவப்பு, அடுத்த துளிக்கு மறையாமல் நின்றுவிடும் நொடியில் கையை நிறுத்த வேண்டும். நிறம் அடர்ந்துவிட்டால் அளவு தவறிவிட்டது என்று பொருள். அந்தத் தவறிய அளவையும் அவள் மையால் எழுதி, ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் காரணத்தைக் குறிக்க வேண்டும், அழிப்பதற்கு இடமில்லை. அப்படி அடித்துத் திருத்திய பக்கங்கள் நிறைந்த ஏடுகள் அந்தப் பள்ளியில் இருந்தால் நம்பிச் சேர்க்கலாம். அச்சடித்த தாளில் கோடிட்ட இடங்களை மட்டும் நிரப்பியிருந்தால் மேலும் விசாரியுங்கள்.

பனிமலர் எழுதியது:

ஆய்வுக்கூடம் ஐயா தொடாமல் விட்ட கேள்விக்கு நான் பதில் எழுதலாம் என்று நினைக்கிறேன். நான் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள்; உயிரியல் படித்து ஆய்வகத்தில் பணிபுரிபவள்; எங்கள் பங்குக் கோயிலில் ஞாயிறு மறைக்கல்வியும் நடத்துகிறேன்.

நெய்தல் அவர்களே, உங்கள் கேள்வி யாரையும் புண்படுத்தாது; கேட்க வேண்டியதே. விவிலியத்தின் தொடக்கநூலில் வரும் ஆறு நாள்களை நாள்காட்டிக் கணக்காக எடுத்துக்கொண்டு பரிணாமத்தை மறுக்கும் கிறிஸ்தவப் பிரிவுகள் அமெரிக்காவில் இருக்கின்றன. அவர்கள் நடத்தும் பள்ளிகளும் இருக்கின்றன. கத்தோலிக்கத் திரு அவையின் நிலை அதுவன்று. திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1950-இல் வெளியிட்ட சுற்றுமடலிலேயே, மனித உடல் முன்பிருந்த உயிர்ப்பொருளிலிருந்து தோன்றியதா என்று ஆராய்வதற்குத் தடை இல்லை என்றும், ஆன்மா மட்டும் இறைவனால் நேரடியாகப் படைக்கப்படுகிறது என்றும் எழுதினார். 1996 அக்டோபரில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், பரிணாமக் கொள்கை வெறும் கருதுகோள் என்னும் நிலையைக் கடந்துவிட்டது என்று திருப்பீட அறிவியல் கழகத்துக்கு எழுதிய செய்தியில் குறிப்பிட்டார். பெருவெடிப்புக் கொள்கைக்கு வித்திட்டவர்களில் ஒருவரான ஜார்ஜ் லெமேத்ர் பெல்ஜிய நாட்டுக் கத்தோலிக்கக் குரு. விரிவடையும் அண்டம் பற்றிய கட்டுரையை 1927-இலும், ஆதி அணு என்னும் கருத்தை 1931-இலும் முன்வைத்தார். ஒன்பதாம் வகுப்பு உயிரியலில் உங்கள் மகள் படிக்கப்போகும் மரபியலுக்கு அடித்தளமிட்ட மெண்டல் அகுஸ்தினார் சபைத் துறவி. மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை வளர்த்துக் கண்டவற்றை 1866-இல் அச்சிட்டார். இன்றும் வத்திக்கானுக்கு வானாய்வகம் உண்டு. அதன் தொலைநோக்கி ஒன்று அரிசோனாவின் கிரகாம் மலையில் இருக்கிறது. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்றதற்காகத் திரு அவை கலிலேயோ மீது நடத்திய வழக்கை மறைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நல்ல கத்தோலிக்கப் பள்ளிகளில் அதையும் பேசுகிறார்கள், பேசவும் வேண்டும்.

பெற்றோர் முன்பே அறிந்திருக்க வேண்டிய இடம் வேறொன்று உண்டு. உயிரியல் வகுப்பில் கருவுறுதல், குருத்தணுக்கள், மரபணுத் திருத்தம் ஆகியவற்றை அறிவியலாகவே கற்பிப்பார்கள். ஆனால் மேல்வகுப்பு இறையியலில் ஒழுக்கவியல் பாடம் வரும்போது, அதே பொருள்கள் திரு அவையின் போதனையாக மீண்டும் வரும். சோதனைக்குழாய்க் கருத்தரிப்பு, முளையக் குருத்தணு ஆய்வு, கருத்தடை ஆகியவற்றைத் திரு அவை ஏற்பதில்லை. முதலாவதைப் பற்றிய அதன் நிலை 1987-இல் வெளியான ஆவணத்தில் தெளிவாகவே சொல்லப்பட்டிருக்கிறது. உங்கள் குடும்பத்திலோ உறவிலோ அவ்வழியில் பிறந்த குழந்தை இருக்கலாம். அக்குழந்தையின் மாண்பில் எள்ளளவும் குறைவில்லை என்றும் அதே போதனை சொல்கிறது. எனினும் பதினாறு வயதுப் பெண் முதல் பாதியை மட்டும் கேட்டுவிட்டு மனம் வாடி வீடு திரும்பக்கூடும். இதை எப்படி நடத்துகிறீர்கள், மாற்றுக் கருத்தை மாணவர் எழுதினால் மதிப்பெண் குறையுமா என்று இறையியல் ஆசிரியரிடமே கேளுங்கள். நல்ல ஆசிரியர், போதனையை மாணவர் சரியாக விளக்கியிருக்கிறாரா என்றுதான் திருத்துவார். உடன்பட்டாரா என்று பார்க்க மாட்டார்.

இன்னொரு செய்தி. சுற்றுச்சூழல் அறிவியலைத் தவிர்க்கச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான்காம் ஆண்டில் இயற்பியலுக்குப் பிறகு எடுப்பதானால் அதைப் பரிந்துரைப்பேன். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் இயற்கையைப் பேணுவது குறித்துச் சுற்றுமடல் வெளியிட்ட பிறகு, அந்தப் பாடத்தில் அறிவியலும் இறையியலும் சேர்ந்து நடத்தும் திட்டப்பணிகளை நான் பார்த்திருக்கிறேன். ஓடைநீரின் அமிலத்தன்மையையும் கரைந்த ஆக்சிஜனையும் அளக்கும் மாணவர்கள், அந்த ஓடையின் கரையில் வாழ்பவர் யார், மாசினால் முதலில் பாதிக்கப்படுபவர் யார் என்ற கேள்வியையும் சேர்த்தே எழுதுகிறார்கள். வேறு வகைப் பள்ளிகளில் இந்தச் சேர்க்கை எளிதில் கிடைக்காது.

கல்லணை எழுதியது:

என் மகன் இதே போன்ற பள்ளியில் படித்து முடித்துப் பொறியியல் கல்லூரியில் சேர்ந்துவிட்டான். மேலே எழுதிய இருவரும் சொன்னவற்றோடு நான் சேர்க்க விரும்புவது ஒன்றே: கையேட்டில் அச்சாகியிருக்கும் பாடமெல்லாம் நடக்கும் என்று நம்பிவிடாதீர்கள். சிறிய பள்ளிகளில் போதிய மாணவர்கள் பெயர் கொடுத்தால்தான் வகுப்பு நடக்கும். என் மகன் எடுக்க நினைத்த ஏ.பி. இயற்பியல் சி கையேட்டில் இருந்தது. அவன் பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்தபோது பெயர் கொடுத்தவர்கள் குறைவு என்று அதை நிறுத்திவிட்டார்கள். கோடை விடுமுறை பாதி கடந்த பிறகுதான் எங்களுக்குச் செய்தி வந்தது. அதன்பின் இணையவழியில் அந்தப் பாடத்தைப் படிக்க ஏற்பாடு செய்தோம். ஆய்வகம் இல்லாத இயற்பியலாக அது போய்விட்டது என்னும் வருத்தம் எனக்கு இன்னும் உண்டு. எனவே எந்தெந்த மேல்நிலை அறிவியல் பாடங்கள் கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் உண்மையிலேயே நடந்தன என்று கேளுங்கள். நடக்காவிட்டால் அருகிலுள்ள சமுதாயக் கல்லூரியில் அந்தப் பாடத்தைப் படித்துக் கிரெடிட் பெற அனுமதிக்கிறார்களா என்பதையும் கேளுங்கள்.

பக்கத்து அரசுப் பள்ளியில் ஏ.பி. பாடங்கள் அதிகம் என்பதைக் குறித்து அஞ்ச வேண்டியதில்லை. ஒவ்வொரு பள்ளியும் தான் வழங்கும் பாடங்களைப் பற்றிய குறிப்பைக் கல்லூரிகளுக்கு அனுப்புகிறது. தன் பள்ளியில் கிடைத்தவற்றுள் கடினமானவற்றை இந்த மாணவர் எடுத்தாரா என்றுதான் விண்ணப்பத்தைப் படிப்பவர்கள் பார்க்கிறார்கள். இல்லாத பாடத்தைப் படிக்கவில்லை என்று யாரும் குறை சொல்வதில்லை.

நெய்தல் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. முதல் இயற்கணிதத்தை அவள் இந்த ஆண்டு முடித்துவிடுகிறாள். கணித நிலையறியும் தேர்வு மே மாதத்தில் நடக்கிறதாம். நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் அதன் கனம் எங்களுக்குப் புரிந்தது. ஹானர்ஸ் பற்றிய முடிவுதான் இன்னும் எஞ்சியிருக்கிறது. இன்னொரு சிறு கேள்வியும் உண்டு. நாங்கள் மரக்கறி உண்பவர்கள். உயிரியல் வகுப்பில் தவளையையோ பன்றிக் குட்டியையோ அறுக்கச் சொன்னால் என் மகள் நிச்சயம் தயங்குவாள். மறுத்தால் மதிப்பெண் போய்விடுமா?

ஆய்வுக்கூடம் எழுதியது:

நியூ ஜெர்சியில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு விலங்குகளை அறுக்க மறுத்து மாற்றுப் பயிற்சி கேட்கும் உரிமையைச் சட்டம் வழங்குகிறது. அச்சட்டம் அரசுப் பள்ளிகளைப் பற்றியே பேசுவதால், உங்கள் பள்ளியில் அது ஆசிரியரின் இசைவைப் பொறுத்தது. நடைமுறையில், ஆண்டின் தொடக்கத்திலேயே ஒரு கடிதம் கொடுத்தால் மாதிரி உருவங்களையோ கணினி வழிப் பயிற்சியையோ தர மறுக்கும் ஆசிரியரை நான் கண்டதில்லை. அறுக்க வேண்டிய நாளன்று காலையில் சொன்னால்தான் சிக்கல் வரும். கடிதத்தில், மாற்றுப் பயிற்சிக்கும் அதே அறிக்கையை எழுதவும் அதே தேர்வை எழுதவும் அவள் அணியமாக இருக்கிறாள் என்று ஒரு வரி சேருங்கள்.

ஹானர்ஸ் பற்றி: இரு நிலைகளிலும் தலைப்புகள் ஏறத்தாழ ஒன்றுதான். வேகமும், வாசிக்க வேண்டிய அளவும், தானே எழுத வேண்டிய ஆய்வக அறிக்கைகளின் நீளமும்தான் வேறுபடும். உயிரியலில் பெரும் சுமை கணக்கு அன்று, வாசிப்பு. அறிவியல் பாடநூலில் ஒரு பிரிவைத் தானாக வாசித்து, அதைத் தன் சொற்களில் ஒரு பத்தியாக எழுத உங்கள் மகளால் முடியுமானால் ஹானர்ஸை எடுக்கச் சொல்லுங்கள். பல பள்ளிகளில் பத்தாம் வகுப்பு ஹானர்ஸ் வேதியியலுக்கும், அதன்பின் ஏ.பி. வகுப்புகளுக்கும் முந்தைய ஆண்டின் மதிப்பெண்ணும் ஆசிரியரின் பரிந்துரையும் தேவை. சாதாரண நிலையிலிருந்து மேலே ஏறுவதற்கு அந்த இரண்டையும் பெற்றாக வேண்டும். மேலிருந்து கீழே இறங்கவோ, முதல் சில வாரங்களுக்குள் விண்ணப்பித்தால் பெரும்பாலும் போதும். அந்தக் கடைசி நாள் எது, இறங்கினால் அதுவரை பெற்ற மதிப்பெண் எப்படிக் கணக்கிடப்படும் என்ற இரண்டையும் அறிவியல் துறைத் தலைவரிடம் மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் பெற்ற பிறகு படிவத்தில் கையெழுத்திடுங்கள்.